மூணு பேண்டு செட்

ஸ்டானிஸ்லாஸ் மாமா இறந்தது எழுபத்தெட்டாம் வருஷம், நெஞ்சுவலியில். ஆனால் அதற்குப் பத்து வருஷம் முன்பே ராயபுரம் அவரை ஒரு தடவை சாகடித்துவிட்டது. அவர் உயிரோடு உட்கார்ந்திருந்த வீட்டு வாசலில் மூன்று பேண்டு செட் வந்து வரிசை கட்டி நின்றன. அதற்கான சீட்டை எழுதியது நான்தான். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் எழுதினேன். பிழை வேறு இடத்தில் இருந்தது.

அவர் என் அக்கா வியாகுலம்மாளின் புருஷன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நான் கோயில் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர், கல்யாணம் ஆகாதவள். கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்த அவர்கள் வீட்டின் பின்னறையில் குடியிருந்தேன். ஆகவே அந்த மனுஷனின் பிடிவாதத்தை இருபது வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். நாவிதர் ஒருத்தர் ஒரு நாள் காதில் கத்தி படும்படி வெட்டிவிட்டார் என்று, அதற்கப்புறம் முகச்சவரத்துக்குத் தண்டையார்பேட்டை வரை நடந்து போய்வந்தார். அந்த நாவிதர் செத்துப்போய் அவர் மகன் கடையை நடத்திய பிறகும் நடந்தார். சொன்னால் சொன்னதுதான், அதில் புத்தி இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை.

அவருக்குப் பாட்டு என்றால் உயிர். சொந்தமாகப் பாடினால் தெருநாய் எழுந்து போய்விடும், அது வேறு விஷயம். மகள் ரோசிக்கு வாய்த்தது நல்ல குரல். ஏழு வயதிலிருந்து அவளைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்துக் கோயில் பாடகர் குழுவின் ஒத்திகைக்குக் கூட்டிப் போனது அவர்தான். அவள் தனியாகப் பாடும்போது கடைசித் தூணருகே நின்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்பார். பெருமையை முகத்தில் காட்டினால் கண் பட்டுவிடும் என்று பயம்.

அறுபத்தாறில் ரோசி, திருவொற்றியூர்ப் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டிய கமாலுதீனை ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். இருவரும் வாசலில் வந்து நின்றார்கள். மாமா உள்ளேயிருந்து எழுந்திருக்கவில்லை.

"இனிமே உன் கொரலு என் காதுல வுழக்கூடாது. அவ்ளோதான்" என்றார்.

வராதே என்றோ, முகத்தில் விழிக்காதே என்றோ சொல்லவில்லை. குரலைத்தான் சொன்னார். எங்கே வலித்ததோ அங்கேயே கை வைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பாடகர் குழு இல்லாத முதல் பூசைக்குத்தான் போனார். இரண்டு வருஷம் பாட்டே கேட்காமல் பூசை கண்டார். ரோசி கடிதங்களை என் பள்ளிக்கூட முகவரிக்கு எழுதுவாள். நான் அக்காவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

அறுபத்தெட்டு ஜனவரியில் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மெட்ராஸ் ரேடியோ நிலையத்தில் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு இரண்டு பாட்டு. முன்னாலேயே பதிவு செய்து வைத்துக்கொள்வார்களாம். நான் அதை அடுக்களையில் அக்காவுக்கு வாசித்தேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு வாசிக்கும் சத்தத்தில் வாசித்தேன். மாமா கூடத்தில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நகம் வெட்டும் சத்தம் நின்றது, பிறகு மறுபடி ஆரம்பித்தது.

மூன்றாம் நாள் சோறு சாப்பிடும்போது சொன்னார்: "ரேடியோ ஒண்ணு கட்டப்போறேன்."

அக்காவின் கையிலிருந்த கரண்டி குழம்புச் சட்டிக்குள்ளேயே விழுந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டி வாங்க நாலு வருஷம் யோசித்த மனுஷன்.

"கட்டறதா? வூடா கட்டறதுக்கு?" என்றாள் அக்கா.

"சாமான வாங்கியாந்து நாமளே பூட்டிக்கினா பாதி துட்டு. வொர்க்ஷாப்புல நாலு பேர் பூட்டிக்கீறாங்க. ரோமாபுரில பாப்பரசர் பேசறாராம். அத்த கேக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோயிலில் சாமியார் பிரசங்கத்தை ஆரம்பித்தால் வெளியே போய்ப் பொடி போட்டுவிட்டு வருகிற ஆள், பாப்பரசர் பிரசங்கத்தை ரோமாபுரியிலிருந்து இழுத்துக் கேட்கப் போகிறாராம்! அக்கா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். எதற்கு என்று எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறந்தால் ரேடியோவும் வராது, ஒன்றும் வராது. பேசாமல் மோர் ஊற்றினோம்.

சாமான் வாங்க என்னையும் மூர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனார், இங்கிலீஷில் ஏதாவது எழுதியிருந்தால் படிப்பதற்காம். அங்கே ரேடியோ சாமான் கடை வைத்திருந்தவர் பெயர் ராசையா. அவரும் எங்கள் கோயில்காரர்தான். ஞாயிறு பெரிய பூசைக்கு ராயபுரம் வந்துவிடுவார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வினை அதில்தான் இருந்தது.

"இன்னா ஸ்டேசன் கேக்கணும் அண்ணாத்தே?" என்றார் ராசையா. "மெட்ராஸ் மட்டும்னா ஒரு பேண்டு போதும், மீடியம் வேவு. கம்மில முடிஞ்சிடும். வெளிநாடு கேக்கணும்னா ஷார்ட் வேவு வேணும். மூணு பேண்டு செட்டுன்னா காயிலு வேற, ஸ்விச்சு வேற, வெல ஏறிப்பூடும்."

மாமா என் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். "மூணு பேண்டு" என்றார்.

ஒரு பேண்டு போதும் என்று சொன்னால் குட்டு உடைந்துவிடும் அல்லவா? மகள் குரலைக் கேட்கத்தான் வாங்குகிறோம் என்பது மைத்துனிக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, வேண்டாத இரண்டு பேண்டுகளுக்குத் துட்டு கொடுத்தார். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று மலைத்துப்போய் நின்றேன்.

கையிலிருந்தது ஓவர்டைம் பணம். மூன்று பேண்டு எடுத்தால் வேறெதையாவது குறைக்க வேண்டும். பெட்டி வேண்டாம், துறைமுகத்தில் உடைந்த பெட்டிப் பலகை கிடைக்கும் என்றார். வால்வுகளைப் பழையதாகவே பொறுக்கினார், ஒவ்வொன்றையும் மாட்டி எரியவிட்டுப் பார்த்து வாங்கினார். ஸ்பீக்கரில்தான் தகராறு. ராசையா அஞ்சு இன்ச்சு ஸ்பீக்கரை எடுத்து வைத்தார், சாமியார் பேச்சுக்கு இது தாராளம் என்றார். மாமா ஒவ்வொரு ஸ்பீக்கராகப் பாட்டை ஓடவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டார். கடைசியில் எட்டு இன்ச்சை எடுத்தார்.

"பேச்சுக்கு எதுக்குண்ணா எட்டு இன்ச்சு?"

"பாப்பரசர் கொரலு கனம்" என்றார் மாமா, முகத்தில் ஒரு கோணல் இல்லாமல்.

மிச்சமிருந்தது டிரான்ஸ்பார்மர், இருக்கிற சாமான்களிலேயே விலை கூடினது. அதை விட்டுவிட்டார். ராசையா இரண்டு தடவை எச்சரித்தார். அது இல்லாத செட்டில் வீட்டுக் கரண்டு நேராக அடித்தட்டின் இரும்புக்கே வந்துவிடும், ஓடும்போது அந்த இரும்பில் கை வைக்கவே கூடாது என்றார். மாமா தலையை ஆட்டினார். எண்பது அடி உயரத்தில் கிரேன் ஓட்டுகிறவருக்கு ஒரு இரும்புத் தட்டு எம்மாத்திரம் என்ற நினைப்பு.

தபாலாபீசில் ரேடியோ லைசென்ஸ் எடுத்தார். ஐந்து வாரம் சாயங்காலங்களில் கூடத்து மேசையில் உட்கார்ந்து பற்ற வைத்தார். ஈயம் உருகும் வாடையில் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் மேசையைத் துடைக்கும்போது, நிலையங்களைக் காட்டும் கண்ணாடியைப் பார்த்தேன். மெட்ராஸ் வருகிற இடத்தில் சிவப்புப் பென்சிலால் மெல்லிய கோடு. ரோமாபுரி இருக்கும் பக்கம் ஒரு கீறலும் இல்லை. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அந்தக் கோட்டை விரலால் தடவிவிட்டு, அழிந்துவிடுமோ என்று பயந்து கையை எடுத்துக்கொண்டாள்.

ரோசி பாடப்போகும் ஞாயிற்றுக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளி சாயங்காலம், செட் பேசியது. மெட்ராஸ் நிலையத்தில் யாரோ நெல் விலை சொன்னார்கள். மாமாவுக்குக் கண்ணெல்லாம் பூரிப்பு. "வந்துட்சி! வந்துட்சி!" என்று கத்திக்கொண்டே, குழந்தையைத் தட்டிக்கொடுப்பது போல அடித்தட்டைத் தட்டினார்.

பளீரென்று ஒரு வெளிச்சம். மாமா சுவரோரம் போய் விழுந்தார். செட் தரையில் விழுந்தது. நான் ப்ளக்கைப் பிடுங்கினேன். அக்கா போட்ட கூச்சலில் தெருவே ஓடிவந்தது. மாமாவுக்கு உயிர் இருந்தது, ஆனால் வலது உள்ளங்கை வெந்துபோயிருந்தது, அரைமணி நேரம் பேச்சு வரவில்லை. 'கிரேன்கார ஸ்டானிஸ்லாஸுக்குக் கரண்டு அடிச்சிட்டுதாம்' என்ற செய்தி விளக்கு வைப்பதற்குள் கல்மண்டபம் தாண்டிப் போய்விட்டது.

கைக்குக் கட்டுப் போட்டதும் அவர் செய்த முதல் வேலை, செட்டை மறுபடி மேசையில் தூக்கி வைக்கச் சொன்னது. நான் திட்டித் தீர்த்தேன். காதில் வாங்கவில்லை. போட்டால், சீனாக்காரன் பேசினான், சிலோன் பேசியது, எவனோ லத்தீனில் ஜெபம்கூடச் சொன்னான். மெட்ராஸ் மட்டும் வரவில்லை. விழுந்த வேகத்தில், மெட்ராஸை இழுக்கிற மீடியம் வேவ் காயில், அந்தக் கம்பிச்சுருள், ஒடிந்திருந்தது. ரோமாபுரிக்காக என்று பொய் சொன்ன செட், ரோமாபுரியைச் சுத்தமாக இழுத்தது. மாமா லத்தீன் ஜெபத்தைப் பாதியில் அணைத்தார்.

"மூலையில மதார் சாகிப் டீக்கடையில ரேடியோ கீதே, அங்க போய்க் கேக்கலாமே" என்று அக்கா மெதுவாகச் சொன்னாள்.

"ஊரே பாக்க பெஞ்சில குந்திகினு நான் கேக்கணுமா?" என்றார். யார் குரல், என்ன பாட்டு என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அவ்வளவுதான் எங்கள் வீட்டு லட்சணம்.

மறுநாள் சனிக்கிழமை. மாமாவுக்குத் தலை சுற்றல் நிற்கவில்லை, அக்கா வாசல்படி தாண்ட விடவில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பரீட்சை வேலை. சாயங்காலம் ஜெயவேல் என்பவர் பார்க்க வந்தார். மாமாவோடு கிரேனில் வேலை செய்தவர், புளியந்தோப்பில் வீடு. மூர் மார்க்கெட் அவர் போகிற வழிதான். மாமா என்னைக் கூப்பிட்டார்.

"ஃப்ளோரா, கையி எயுத வராது. ராசையாவுக்கு ஒரு சீட்டு எயுது. மூணு பேண்டு செட்டு வேணும். நாளிக்குப் பூசைக்கு வர்றப்போ பத்து மணிக்குள்ளாற வூட்டுக்குக் கொணாந்துடச் சொல்லு."

"இப்பவாவது ஒரு பேண்டு வாங்கினா என்ன மாமா?" என்றேன். பொறுக்க முடியாமல்தான் கேட்டேன்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டார். "மூணு."

எழுதினேன். என் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன்: 'திரு. ராசையா அவர்களுக்கு. மூன்று பேண்டு செட் அவசரமாகத் தேவைப்படுகிறது. நாளை ஞாயிறு காலை பத்து மணிக்குள் வீட்டுக்கு வரவும். திரு. ஸ்டானிஸ்லாஸ் வீட்டாருக்காக, ஃப்ளோரன்ஸ், ஆசிரியை.' வேண்டியது காயில்தான், ஆனால் அந்தச் சொல்லை எழுதவில்லை. எங்கள் வீட்டில் ஐந்து வாரமாக அதைப் பேண்டு செட்டு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம், அதனால் உலகமே அப்படித்தான் சொல்லும் என்று நினைத்துவிட்டேன். ராசையாவிடம் கொடுத்துவிடுங்கள், அவருக்குத் தெரியும் என்று ஜெயவேலிடம் சொன்னேன். எந்த ராசையா, எந்தக் கடை என்று சொல்லத் தோன்றவில்லை.

ஜெயவேலுக்குத் தெரிந்த ராசையா வேறு. கல்மண்டபம் சாலையில் அறை வைத்திருந்த பேண்டு மாஸ்டர் ராசையா. ராயபுரத்தில் பேண்டு செட்டு என்றால் கிளாரினெட்டும் பெரிய டிரம்மும் வெள்ளை உடுப்பும்தான். மடிக்காத சீட்டில் 'பேண்டு செட்' என்று பார்த்தவர், வேலை பக்கத்திலேயே முடிந்ததே என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். அறை பூட்டியிருந்ததால் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போய்விட்டார்.

பேண்டு ராசையா வந்து சீட்டைப் படித்தார். அது தவக்காலம். தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது, திருவிழா கிடையாது, பேண்டு கேட்டால் அது சாவுக்கு மட்டுந்தான். முந்தின நாள்தான் ஸ்டானிஸ்லாஸுக்குக் கரண்டு அடித்தது. சீட்டில் கையெழுத்து வீட்டு ஆம்பிளையுடையதும் இல்லை, பெண்சாதியுடையதும் இல்லை, மைத்துனியுடையது. இதற்குமேல் அவருக்கு என்ன சாட்சி வேண்டும்? ஒன்று போதாமல் மூன்று கேட்டிருக்கிறார்கள் என்றதும், மனுஷனுக்குப் பெரிய மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்து, தன்னுடையதோடு இன்னும் இரண்டு செட்டைப் பிடித்தார். ஒன்று காசிமேட்டிலிருந்து, இன்னொன்று திருவொற்றியூரிலிருந்து.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு நாங்கள் ரேடியோ ராசையாவுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தெருமுனையில் டிரம் சத்தம். சோக கீதம். அக்கா சிலுவை போட்டுக்கொண்டு, "யாரு வூட்லயோ பாவம்" என்றாள். சத்தம் நெருங்கி வந்து எங்கள் வாசலிலேயே நின்றது. முப்பது பேருக்கு மேல், கையில் கறுப்பு நாடா. பின்னால் மாலைகளோடு துறைமுகத்து ஆட்கள்.

மாமா கட்டுப்போட்ட கையோடு வெளியே வந்தார். "யாரு செத்தது?" என்று கேட்டார்.

கிளாரினெட் ஒரு கீச்சுச் சத்தத்தோடு நின்றது. பேண்டு ராசையாவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "சேசுவே!" என்று இரண்டடி பின்னால் போனவர், டிரம்காரர் மேல் சாய்ந்துவிட்டார்.

"நீதான்ண்ணா!" என்றார், மூச்சு வந்ததும்.

"நானா?"

"டீச்சரம்மா சீட்டு எய்தி அனுப்பிச்சாங்களே!"

சீட்டை நீட்டினார். தெரு முழுவதும் என்னைப் பார்த்தது. இருபது வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்த தெரு. பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விஷயம் விளங்கி ஊர் சிரித்து முடிக்க ஒரு மணி நேரமாயிற்று. மதார் சாகிப் மட்டும் சிரிக்கவில்லை. சாவு வீட்டுக்கு மரியாதை என்று கடையை இழுத்து மூடி, ரேடியோவையும் அணைத்துவிட்டு வந்திருந்தார். "நீ உயிரோட கீறியே ஸ்டானிஸு, அதே போதும்" என்று மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

மாமாவின் காது எதிலும் இல்லை. பதினொன்றே முக்கால். ரேடியோ ராசையா வரப்போவதில்லை. காயில் இல்லை. உள்ளே போய் மேசையின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் தெருமுனையில் அந்தக் குரல் கேட்டது.

"நைனா! ஐயோ நைனா!"

திருவொற்றியூர் செட்டின் கிளாரினெட்காரர் ரோசி வீட்டுக்கு அடுத்த சந்தில் குடியிருந்தவராம். காலையில் கிளம்பும்போது அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தாமதமாக வந்த ரயிலைப் பிடித்து, ஸ்டேஷனிலிருந்து தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். பின்னால் கமாலுதீன், இரண்டு பேர் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு. வேண்டாத பேண்டு இரண்டை மாமா கேட்காமல் இருந்திருந்தால், அந்தக் கிளாரினெட்காரர் ராயபுரம் பக்கமே வந்திருக்க மாட்டார்.

மாமா எழுந்துவிட்டார். இரண்டு வருஷம் கழித்து அவர் காதில் விழுந்த மகள் குரல் ஒப்பாரியாக விழுந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார். கரண்டு அடித்தபோதுகூட அவர் அப்படி நடுங்கியதை நான் பார்க்கவில்லை.

ரோசி வாசற்படியில் கால் வைத்தாள். அப்பா நிற்பதைப் பார்த்தாள். அடுத்த 'நைனா' பாதி வந்திருந்தது. சட்டென்று இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். குரல் காதில் விழக்கூடாது என்று அவர் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. செத்தவர் எழுந்து நிற்கிற அதிர்ச்சியிலும் அதை அவள் மறக்கவில்லை. பெற்ற பிள்ளையை இப்படியா பழக்கி வைப்பது என்று மாமாவை அடிக்கலாம் போல இருந்தது.

அக்கா அவளை உள்ளே இழுத்து உட்கார வைத்தாள். ரோசி பலகைப் பெட்டியைப் பார்த்தாள், எட்டு இன்ச்சு ஸ்பீக்கரைப் பார்த்தாள், கண்ணாடியில் இருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். பொத்திய கை பொத்தியபடி அப்பாவைப் பார்த்தாள்.

"ரோமாபுரிக்கு" என்றார் மாமா, யாரும் கேட்காமலே.

கோயிலில் பன்னிரண்டு மணி ஜெபமணி அடித்தது. வாசலில் பேண்டுக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். மாமா உட்கார்ந்து, சுவிட்சைப் போட்டு, முள்ளைச் சிவப்புக் கோட்டுக்குக் கொண்டுவந்தார். வெறும் இரைச்சல். கட்டுப்போட்ட கை அடித்தட்டுப் பக்கம் போவதைப் பார்த்ததும் நான் பதறிப்போய் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டேன். இரைச்சலும் நின்றது. அவர் அதைக் கவனித்தாரா தெரியாது. கண்ணை எடுக்காமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டைம் ஆயிட்சி" என்றார் செட்டிடம். கொஞ்ச நேரம் கழித்து, "மெட்ராஸ் வரமாட்டேங்குது" என்றார்.

ரோசி எழுந்தாள். மேசையைச் சுற்றிக்கொண்டு ரேடியோவுக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். பலகைப் பெட்டி அவள் முகத்தை மறைத்தது. வாயிலிருந்து கையை எடுத்து, நிலையத்தில் பதிவு செய்த முதல் பாட்டை ஆரம்பித்தாள்.

மாமா அசையவில்லை. முள் சிவப்புக் கோட்டில் நின்றிருந்தது, அவர் பார்வையும் அங்கேயே நின்றது. இரண்டாவது அடியில் அவளுக்கு அழுகை வந்து குரல் தாழ்ந்துகொண்டே போனது. மாமா கட்டுப்போட்ட கையை நீட்டி, சத்தம் கூட்டும் குமிழை வலது பக்கம் திருகினார்.

ப்ளக் என் மடியில் கிடந்தது. ரோசி குரலை உயர்த்தினாள்.